ஆளை முன்னால் அனுப்புகிறவர்

கடலூரில் ஒரு டிரைவருக்கு வலது கண் போனதற்கு நான் சொன்ன பொய் காரணம். சிலிண்டர் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். பிறகு ஆஸ்பத்திரியில் விபத்து எப்படி நடந்தது என்று கேட்டபோது இன்னொரு பொய் சொன்னேன். முதல் பொய் அவர் கண்ணை எடுத்தது. இரண்டாவது, டிரைவர்கள் மத்தியில் அவருக்கு இருந்த பெயரைக் கெடுத்தது. அப்போது எனக்கு அறுபது தாண்டியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் மயக்க மருத்துவராக இருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இரண்டு பொய்களையும் ஒரே மனிதரோடு சேர்ந்திருந்த நாட்களில்தான் சொன்னேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ‘அவன்’ என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுதினால் நான் அவருக்கு ஒரு படி மேலே நிற்பதுபோல் ஆகிவிடும். அதனால் அவர்.

எல்லோரும் அவரை மாமா என்றார்கள். அவரைவிட மூத்த மெக்கானிக்குகளுக்கும் அவர் மாமாதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஆலப்பாக்கத்துக்குச் சற்று முன்னால், அவருக்கு ஒரு பெரிய ஷெட் இருந்தது. அப்பா காலத்தில் லாரிகள் நின்ற இடம். லாரிகளைத் தள்ளிவிட்டு அங்கே கார்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வேகமாக ஓடும் கார்களை இன்னும் வேகமாக ஓடவைப்பதுதான் வேலை. வேலை என்று சொல்லக்கூடாது, வெறி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எப்போதும் ஈரம் காயாத உதடுகள். பேசும்போது எதிரில் இருப்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். கையை எடுத்த பிறகும் அந்த ஈரப் பிசுபிசுப்பு தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் பல தடவை வேட்டியில் துடைத்திருக்கிறேன், அவர் பார்க்காதபோது.

எதிலும் மற்றவர்களை முன்னால் விடுவது அவர் குணம். டீ வந்தால் முதல் டம்ளர் பக்கத்தில் இருப்பவருக்கு. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் தெரியாத ஆளின் தோளைத் தொட்டு ‘நீங்க முதல்ல’ என்பார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று ஊர் சொல்லும். நானும் சொன்னேன்.

எனக்கு அறிமுகமானதே அப்படித்தான். குடலிறக்க ஆபரேஷனுக்கு எங்களிடம் வந்திருந்தார். அன்றைக்கு வரிசையில் அவர்தான் முதல். அடுத்தது கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், எழுபது வயதிருக்கும். தியேட்டருக்குக் கொண்டுபோக ஆள் வந்ததும் மாமா கட்டிலைவிட்டு இறங்கி நின்றுவிட்டார்.

“பெரியவரு காலையிலேருந்து பட்டினி சார். அவரு முதல்ல போவட்டும். எனக்கு என்னா அவசரம்.”

நர்ஸுகள் உருகிப்போனார்கள். பெரியவரின் மகன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவரை முடித்துவிட்டு நான் வெளியே வந்தபோது மாமா என் முழங்கையைப் பிடித்தார். பெரியவர் விழித்துக்கொண்டாரா, நாக்கு குழறாமல் பேசுகிறாரா என்று கேட்டார். பேசுகிறார் என்றேன்.

“அதே மருந்துதான சார் எனக்கும்?”

ஆமாம் என்றதும் யார் உதவியும் இல்லாமல் நடந்துபோய் மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். பயந்த சுபாவம், ஆனாலும் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வெளிச்சமாக ஒருவர் தன்னைக் காட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பார்க்கப் போனபோது, தியேட்டரில் தன் தலைமாட்டில் நீலமாக ஒரு சிலிண்டர் நின்றதே, அது என்ன என்று கேட்டார். நைட்ரஸ் ஆக்சைடு என்றேன். அவர் முகம் மாறிய விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் ஷெட்டில் ஒரு கார் இருந்தது. அதில் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார். அதாவது, இன்ஜினின் பெல்ட்டிலேயே சுழன்று, இன்ஜின் தானாக இழுப்பதைவிட அதிகமான காற்றை உள்ளே திணிக்கும் ஒரு காற்றடிப்பான். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், வேகம் கூடும். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். சூடானால் லேசாகிவிடும், இன்ஜினும் இடிக்கத் தொடங்கும். அந்த இடத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருடமாக யாரும் என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை. தியேட்டரில் பேர் வாங்குகிறவர் சர்ஜன். தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவனை நோயாளிக்கு அடையாளம்கூடத் தெரியாது. மாமா வாய் பிளந்து கேட்க, நான் விளக்கினேன். நைட்ரஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். வெளியே பாயும்போது உறையவைக்கிற குளிர்ச்சியோடு வரும். சூப்பர்சார்ஜர் சூடாக்குகிற காற்றை அது ஆற்றும். போதாததற்கு, இன்ஜினின் உஷ்ணத்தில் அது உடைந்து தன்னிடமுள்ள ஆக்சிஜனையும் கொடுக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும். ஒரே ஒரு நிபந்தனை, வாயு கூடும் அளவுக்குப் பெட்ரோலும் கூடவேண்டும். கூடாவிட்டால் எரியவேண்டியது வெடிக்கும்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குப் பிசுபிசுப்பு தெரியவில்லை.

அந்த வாயுவை நாங்கள் தியேட்டரில் குறைத்துக்கொண்டே வந்த காலம் அது. சில சிலிண்டர்கள் தொடப்படாமல் கிடந்தன. ஆலப்பாக்கம் ஷெட்டுக்கு அவை போனது என் சொல்லால்தான். பதிலுக்கு நான் எதுவும் வாங்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் அசிங்கம் அதோடு நின்றிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது, ‘டாக்டர் வந்தாத்தான் வண்டி கெளம்பும்’ என்று அவர் மற்றவர்களிடம் சொல்வது.

காரை ஓட்டியது குமரேசன். கடலூர் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், முப்பது வயதிருக்கும், அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கடலுக்குப் போகாமல் ஸ்டியரிங் பிடித்ததில் அவர் அப்பாவுக்கு வருத்தம். மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டிய கார் ஸ்டாண்டில் அவருக்கு நல்ல பேர். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகவேண்டுமானால் குமரேசனைக் கூப்பிடு என்பார்கள். மாமா அவரைத் தன் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டார்.

புதிதாகப் போட்டு இன்னும் திறந்துவிடாத நாலுவழிச் சாலை ஒன்று, சவுக்குத் தோப்புகளுக்கும் இறால் குட்டைகளுக்கும் நடுவே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தக் காருக்குள் மாமா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாலையோரம் குடை பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்று கேட்பார்.

“உள்ள உக்காந்தா காது அடைச்சிக்கும் டாக்டர். வெளிய நின்னு கேட்டாத்தான் எங்க நோவுதுன்னு தெரியும்.”

எவ்வளவு பெரிய ஞானம் என்று நான் வியந்தேன்.

அங்கே ஒரு வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். தியேட்டரில் சர்ஜன் கத்தியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் ‘சரி’ என்று சொல்லாமல் தோலில் கத்தி படாது. எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் அதுதான் முறை. அதே முறையை அந்தச் சாலைக்கும் வைத்தேன். டிக்கியில் இருக்கும் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளை நான் பார்க்கவேண்டும். குமரேசன் கண்ணாடியை இறக்கி, ‘கேஸ் சரியா இருக்கா சார்?’ என்று கேட்கவேண்டும். நான் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். குமரேசனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. டாக்டர் சார் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி ஒருநாள் எனக்காகச் சங்கரா மீன் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டேன்.

மாமாவோடு சேர்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம். துறைமுகம் பக்கம் ஒரு கடையில் நண்டு நன்றாக இருக்கும். ஞாயிறு மதியங்களில் அங்கே கூட்டிப்போவார். இலையில் நண்டு விழுந்ததும் ஒரு காலைப் பிய்த்து குமரேசன் இலையில் வைப்பார். என்ன பாசம் என்று முதல் தடவை நினைத்தேன். அடுத்த தடவைதான் அவர் கண்ணைக் கவனித்தேன். அது குமரேசனின் தொண்டையில் இருந்தது. அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்து, ‘நல்லாருக்காடா? வாடை இல்லியே?’ என்று கேட்டு, அதன் பிறகே தன் இலையில் கை வைப்பார். வைத்தால் நிறுத்தமாட்டார். ஓட்டை முன்பல்லால் உடைத்து உறிஞ்சுவார். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடும். அதையும் நக்குவார். முடித்ததும் கையைக் குமரேசனின் துண்டில் துடைப்பார். குமரேசன் தோளைச் சாய்த்துக் கொடுப்பார். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த ஞாயிறு நான் போனேன். அருவருப்பு வந்துவிட்டால் மனிதன் விலகிவிடுவான் என்று நினைக்கிறோம். நான் விலகவில்லை, இலையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த ஒரு ஐப்பசியில், குமராட்சி தாண்டி ஒரு கிராமத்துக்கு, ஷெட்டிலிருந்த வேறொரு காரில் கல்யாணத்துக்குப் போனோம். குமரேசன் ஓட்டினார், நானும் மாமாவும் பின்னால். ஒரு இடத்தில் சாலையின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மினிபஸ் திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாமா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் புல்லுக்கட்டோடு வந்தார். மாமா கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, “வாங்க வாங்க. நீங்க முதல்ல போங்க. மாடு காத்திருக்கும்” என்றார்.

அந்த மனிதர், காரில் இருக்கும் பெரிய மனுசன் தனக்கு வழிவிடுகிறாரே என்று கூச்சப்பட்டார். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். பாதி தூரம் போனதும் வண்டியோடு சாய்ந்தார். புல்லுக்கட்டு மிதந்து போயிற்று. கொஞ்ச நேரம் தலை தெரியவில்லை.

குமரேசன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். மாமா முன் சீட்டுக்கு எட்டி அந்தக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

“ரைட்டுல பள்ளம் இருக்கு டாக்டர். லெப்ட்டுல எடுத்தா போயிடலாம்.”

குமரேசன் அந்த மனிதரை அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் சேற்றில் குளித்திருந்தார்கள். மாமா கண்ணாடியைப் பாதி இறக்கி, பார்த்துப் போகக்கூடாதா என்று அந்த மனிதரைக் கண்டித்தார். பிறகு குமரேசனிடம் சீட்டில் துணி போட்டு உட்காரச் சொன்னார். இடப்பக்கமாக எடுத்தோம். தண்ணீர் பம்பரைத் தாண்டவில்லை. கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போய்விட்டோம்.

அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கம்மாபுரத்துப் பெரியவர், முதல் டம்ளர் டீ, நண்டுக்கால், சாலையோரக் குடை. ஒரு நாய்கூட மோந்து பார்ப்பதற்குத் தன் மூக்கைத்தான் பயன்படுத்தும். இவர் தன் உடம்பில் ஒரு ரோமத்தைக்கூட எதற்கும் முன்னால் நீட்டியதில்லை. மற்ற மனிதர்களை நீட்டினார். அதுவும் மரியாதையாக. அதுதான் என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. பிடித்துத் தள்ளியிருந்தால் விழுந்தவன் திட்டவாவது செய்வான். இவர் தள்ளியவர்கள் எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டு போனார்கள்.

விளங்கியும் நான் அந்தக் காரைவிட்டு இறங்கவில்லை. தண்ணீரில் ஒருவர் தலை மறைந்தபோது, ஒரு டாக்டர், பின் சீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சிலிண்டருக்கு ஏற்றபடி பெட்ரோல் அளவைத் தை மாதத்துக் குளிர்ந்த காலைகளில் வைத்திருந்தார்கள். நன்றாக ஓடியது. சாலையோரம் நின்றால் சூப்பர்சார்ஜரின் ஊளைச் சத்தம் முதலில் வரும், பிறகு குமரேசன் வாயுவைப் பாயவிடும் பொத்தானை அழுத்தியதும் அந்த ஊளை அடங்கி, கார் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாயும். பார்க்க எனக்குச் சிலிர்க்கும். பாண்டிச்சேரியிலிருந்து கார் பைத்தியங்கள் சிலர் வந்து பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர்கள் வந்தது கத்திரி வெயிலில். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் வந்து சேரும்போது உச்சிவேளை. அதுவரை கார் வெட்டவெளியில் நின்றது.

டிக்கியைத் திறந்தேன். சிலிண்டரைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். முள், அது நிற்கக்கூடாத இடத்தில் நின்றது. சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறினால் வாயு அதிகமாகப் பாயும். பெட்ரோலோ தை மாதத்து அளவில்தான் வரும். என்ன நடக்கும் என்பதை அவரது கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

மாமா என் முழங்கையைப் பிடித்தார். அன்றைக்கு நான் குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்து போவதாக முன்பே பேச்சு. விருந்தாளிகள் முன்னால் சொன்னார்:

“நம்ம டாக்டர்தான் இதுக்கே மூளை. நீங்க முதல்ல உக்காருங்க டாக்டர்.”

இடுப்பு வலிக்கிறது, இன்னொரு நாள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் தொண்டையைப் பார்த்தார் என்று சொல்வதுதான் சரி. உடனே குடையோடு சவுக்கு மரங்கள்வரை பின்வாங்கி நின்றுகொண்டார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விருந்தாளிகளையும் தள்ளி நிற்கச் சொன்னார். குமரேசனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

குமரேசன் கண்ணாடியை இறக்கினார்.

“கேஸ் சரியா இருக்கா சார்?”

ஈரத் துணி போட்டு ஆறவைத்துவிட்டு சாயங்காலம் பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாததற்கு நான் பல காரணங்களை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் முன்னால் மாமா முகம் வாடும். வெயிலில் நிறுத்தாதே என்று முன்பே சொல்லாதது என் தவறு என்று தெரிந்துவிடும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் அடியில் கிடந்தது வேறு. எனக்கும் பார்க்கவேண்டியிருந்தது. அளவு மீறினால் என்ன ஆகும் என்று, என் உடம்பு படாமல், பார்க்கவேண்டியிருந்தது.

“சரியா இருக்கு” என்றேன்.

கார் போயிற்று. ஊளை எழுந்தது. அவர் பொத்தானை அழுத்தியதும் பெரிய பட்டாசுக் கட்டு ஒன்றாக வெடித்ததுபோல் ஒரு சத்தம். பானட் பிய்ந்து முன் கண்ணாடியில் அடித்தது. சூப்பர்சார்ஜர் பிளந்து துண்டு துண்டாகச் சிதறியிருந்தது. கார் தடுப்பில் உராய்ந்துகொண்டே போய் நின்றது. நாங்கள் குமரேசனை வெளியே எடுத்தபோது வலது கண் இருந்த இடத்தில் நான் பார்த்ததை இங்கே எழுதமாட்டேன். தீயில் வெந்த கையின் தோல் கையுறைபோல் கழன்று வந்தது. மாமா கடைசியாக வந்தார். குனிந்தார். குமரேசன் முகத்துக்கு அருகே தன் ஈர உதட்டைக் கொண்டுபோய்க் கேட்டார்:

“பட்டன அழுத்துன உடனே வெடிச்சுதா, கொஞ்சம் கழிச்சா?”

நான் வாந்தி எடுத்தேன். குமரேசனைப் பார்த்து அல்ல.

ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். நீங்க முதல்ல போங்க, நான் பின்னாலேயே வரேன் என்று மாமா சொன்னார், வரவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டார்கள். இன்ஜின் சூடாக இருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார் என்றேன். டாக்டர் சொன்னதால் யாரும் மேலே கேட்கவில்லை. கண்ணிலிருந்து எடுத்த இரும்புத் துண்டுக்கு அந்தக் கதை பொருந்தாது. கூட வேலை பார்க்கிற டாக்டர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பொய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. டிரைவர்களுக்குத் தெரியும். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறப்பது, வண்டி கழுவ வந்த முதல் நாளிலேயே செய்யக்கூடாது என்று சொல்லித்தரும் காரியம். அதைச் செய்து கண்ணை இழந்தவனை ஸ்டாண்டில் பரிதாபமாகப் பார்க்கவில்லை, சிரித்தார்கள். ‘மூடி’ என்று பேர் வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் ஓட்டியவன் நீதான், உள்ளே போவதும் நீதான் என்று மாமா ஆளனுப்பிச் சொல்லியிருந்ததால், குமரேசன் அந்தப் பேரைச் சுமந்துகொண்டு அதே ஸ்டாண்டில் மற்றவர்களின் கார்களைக் கழுவினார். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் வேலையை விட்டுவிட்டு சிதம்பரத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். தாகமெடுத்து, செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடியும் பக்கத்தில். மகள் வந்து துடைத்துவிட்டு, நாளைக்குக் கட்டு பிரித்துவிடுவார்கள் அப்பா என்றாள்.

கட்டைப் பிரித்ததும் மாமாவுக்குப் போன் செய்தேன். குமரேசனிடம் போய் நடந்ததை ஒப்புக்கொள்ளப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் மென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

“நல்ல காரியம் டாக்டர். நீங்க முதல்ல போங்க. அவன் என்னா சொல்றான்னு பாத்துட்டுச் சொல்லுங்க. நான் வரேன்.”

கடலூருக்குத் தனியாகப் போனேன். குமரேசன் ஒரு காரின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தை முழுவதுமாகத் திருப்பி, இடது கண்ணால் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. அன்றைக்குச் சிலிண்டர் சரியாக இல்லை என்பது தெரிந்தேதான் சொன்னேன் என்றேன். அவர் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே பேசினார்.

“தெரியும் சார். சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் பின்னாடி நவுந்தீங்க. கண்ணாடியில பாத்தேன்.”

பிறகு ஏன் போனீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“டாக்டர் சொல்லிட்டாரேன்னு போனேன்.”

என்ன செய்யவேண்டும் சொல்லுங்கள் என்றேன். கண் வரப்போவதில்லை, தன்னிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார். வேப்ப மரத்தடியில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்த டிரைவர்களைக் காட்டினார்.

“அவுங்ககிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். சாலை, சிலிண்டர், வெயில், நான் சொன்ன ‘சரி’, ஆஸ்பத்திரியில் சொன்ன மூடிக் கதை, எல்லாவற்றையும். மாமாவின் கட்டிலருகே பாடம் நடத்தியவன், அங்கே வாக்கியம் கூடாமல் திணறினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அவர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், என்னைப் பார்க்கவே இல்லை. குமரேசனைப் பார்த்துக் கேட்டார்:

“அப்ப நீ மூடியத் தொறக்கவே இல்லியா?”

“இல்லண்ணே.”

“இத்தினி வருஷமா நாங்க மூடி மூடின்னு கூப்புடுறோம். சும்மா இருந்தியே.”

குமரேசன் கையில் இருந்த துணியைப் பிழிந்தார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மாமாவின் பெயர். எடுக்கத் தயங்கினேன். குமரேசன் கையை நீட்டினார். கொடுத்தேன். ஸ்பீக்கரை அவரே போட்டார். அந்த ஈர உதட்டுக் குரல் வெளியே வந்தது.

“என்னா டாக்டர், பாத்தீங்களா? எப்புடி இருக்கான்? கோவமா இருக்கானா?”

குமரேசன் போனை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்:

“பள்ளம் ஒண்ணும் இல்ல மாமா. தண்ணி கம்மிதான். தைரியமா வாங்க.”

போன் துண்டிக்கப்பட்டது. குமராட்சித் தண்ணீரின் கதையை ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் எப்போதோ சொல்லியிருக்கவேண்டும். முதலில் மீசைக்காரர் சிரித்தார், பிறகு எல்லோரும். குமரேசனும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லை. சிரிக்க வந்த என் முகத்தை நான் அடக்கிக்கொண்டேன்.

டீ வந்தது. ஒருவர் பழக்கத்தில் “டேய் மூடி” என்று கூப்பிட்டுவிட்டு, நிறுத்தி, “குமரேசு, டீ ஆறுது வா” என்றார். குமரேசன் போனைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“நீங்க கெளம்புங்க சார்.”

எனக்கு டீ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை மாமாவிடமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவன் என்ன நினைத்து அப்படிச் சொன்னான் என்பது அவருக்குத் தெரியவேண்டும். என்னைவிட்டால் கேட்டுச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. நான் எடுக்கவில்லை. அவர் இன்றுவரை அந்த ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. ஆலப்பாக்கத்திலிருந்து கடலூருக்கு வரவேண்டுமானால் மைதானத்துக்கு வராமல் சுற்றிக்கொண்டு போகிறாராம்.

நானும் மறுபடி அங்கே போகவில்லை. போனால் உட்காரச் சொல்வார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. போன மாதம் கடலூருக்குக் கிளம்பிய மருமகனிடம், அந்த ஸ்டாண்டில் இறங்கி, என் பெயரைச் சொல்லி, என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.